சூடாத வாகை

ஆஸ்பத்திரிகளுக்கு இடையிலான மேசைப்பந்துப் போட்டியில் தன் மனைவி ஜெயித்த செய்தியை விளையாட்டுப் பக்க உதவி ஆசிரியர் தன் கையாலேயே எழுதினார். ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் அவள், இறுதி ஆட்டத்தில் எதிர் ஆஸ்பத்திரியின் எலும்பு டாக்டரைத் திணறடித்திருந்தாள். ‘வாகை சூடினார்’ என்று தலைப்பு கொடுத்தார்.

காலையில் பேப்பரைப் படித்த மனைவி தலையைத் தடவிப் பார்த்தாள்.

“எங்கேங்க சூடினேன்?”

“அது சும்மா எழுதுறது. வாகைன்னா வெற்றி.”

“வெற்றியை எப்படித் தலையில வைக்கிறது?”

தினமும் எழுதுகிற சொல்தான். ஆனாலும் எழுந்து போய் அகராதியை இறக்கித் தூசி தட்டினார். வாகை என்பது ஒரு மரம். அந்தக் காலத்தில் போரில் வென்றவர்கள் அதன் பூவைச் சூடினார்களாம். போகப்போகப் பூவின் பெயரே வெற்றிக்கும் ஆகிவிட்டது.

“அப்போ நீங்க போட்டது பொய்ச் செய்தி. திருத்தம் போடுங்க, இல்லேன்னா பூவைக் கொண்டாங்க.”

திருத்தம் போடுவதைவிடப் பூவைத் தேடுவதே மேல் என்று ஸ்கூட்டரைக் கிளப்பினார். அவளும் தொற்றிக்கொண்டாள்.

பூக்கடைக்காரம்மா, “ரோஜா இருக்கு. அதையே வாகைன்னு நெனச்சு வெச்சுக்கோங்க” என்றாள். நர்சரிக்காரர்தான், குடிநீர் பம்பு நிலையத்துக்குப் பின்னால் ஒரு வாகை மரம் இருப்பதாகச் சொன்னார்.

மரம் முழுக்க இளம்பச்சையும் மஞ்சளுமாக, பவுடர் பஞ்சு போன்ற பூக்கள். வாசனை ஆளைத் தூக்கியது. அவள் ஸ்கூட்டர் சீட்டில் ஏறி நின்றாள். அவர் அவள் முழங்காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

“விட்டுடாதீங்க. விழுந்தா அந்த எலும்பு டாக்டர்கிட்டதான் போகணும்.”

இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஸ்கூட்டரும் சேர்ந்து குலுங்கியது. சத்தம் கேட்டுக் காவலாளி தடியோடு வந்தார்.

“என்ன நடக்குது இங்கே?”

“செய்தியை உண்மையாக்கிட்டு இருக்கோம்” என்று உதவி ஆசிரியர் நடந்ததைச் சொன்னார்.

காவலாளி முகம் மாறாமல் கேட்டார். “தோத்தது எந்த டாக்டர்? மூட்டு வலிக்கு மாடிப்படி ஏறச் சொல்வாரே, அவரா?”

“அவரேதான்.”

காவலாளி தடியால் கிளையை வளைத்துக் கொடுத்தார். “எனக்கும் சேர்த்து வெச்சுக்கோங்கம்மா.”

திரும்பும்போது அவள் அவர் தோள்மேல் சாய்ந்து ஸ்கூட்டர் கண்ணாடியில் பூவை அழகு பார்க்க, கொண்டையிலிருந்து பூ இழைகள் உதிர்ந்து அவர் மூக்கில் ஏறின. வழியெல்லாம் தும்மினார். சிக்னலில் பக்கத்துக் காரில் இருந்த பெண் கண்ணாடியை இறக்கினாள்.

“என்ன பூங்க அது?”

“வெற்றி” என்றாள் மனைவி.

பச்சை விழுந்தும் அவரால் வண்டியை எடுக்க முடியவில்லை. சிரிப்பும் தும்மலும் மாறி மாறி வந்தன. பின்னால் ஹாரன்கள் அலறின.