பூனைக்கண் வீடு

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் எல்லோரும் அவளைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அரசு மருத்துவமனையில் காலமெல்லாம் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, அதன் பிறகு படுக்கையில் விழுந்த அம்மாவைப் பார்த்தாள். அம்மாவும் போன பிறகு பார்க்க யாருமில்லை. ஆனால் அசதி மட்டும் போகவில்லை. காலையில் கண் விழிக்கும்போதே இரவு முழுக்க வார்டில் நின்றுவிட்டு வந்தவள் போல உடம்பு கனத்துக் கிடக்கும்.

அப்படி ஒரு காலையில்தான் வெளிநாட்டிலிருந்து தம்பி போன் செய்தான்.

"அக்கா, நீ சும்மாதானே இருக்க? ஒரு சின்ன வேலை."

தம்பியின் சின்ன வேலைகள் எல்லாம் கடைசியில் அவள் முழங்காலில் வந்துதான் முடியும். புதிதாகக் கட்டிய வீட்டின் கூடத்தில் மாட்டுவதற்குக் குடும்ப மரம் ஒன்று வரைந்துகொண்டிருந்தான். மரத்தின் உச்சியில் துரை. ரயில் பாதை போட வந்த வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் தங்கள் மூதாதை என்பது அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அம்மா கோபம் வந்தால்கூட "துரை பரம்பரைடா நீங்க" என்று சொல்லித்தான் அடிப்பாள். தம்பிக்கு இப்போது அத்தாட்சி வேண்டும். ஆவணக் காப்பகத்தில் துரையின் உயில் இருக்கிறதாம். போய் நகல் எடுத்து அனுப்ப வேண்டும்.

"நீயே லீவு போட்டு வந்து எடுத்துக்கயேன்."

"எனக்கு எங்கக்கா நேரம்?"

காப்பகத்துக்கு அலைந்ததில் மழைக்காலமே முடிந்துவிட்டது. முதலில் அடையாள அட்டை சரியில்லை என்றார்கள். பிறகு உரிய அலுவலர் விடுப்பு என்றார்கள். வாசிப்பறைக் குமாஸ்தா ஒவ்வொரு முறையும் அவளை ஏதோ பழைய பாக்கி கேட்க வந்தவளைப் போலப் பார்ப்பார். கடைசியில் ஒரு நாள், அவள் நிற்கும் நிலையைப் பார்த்தோ என்னவோ, நாற்காலியை இழுத்துப் போட்டு, உயிலையும் அதோடு தைத்திருந்த தாள்களையும் கொண்டுவந்து வைத்தார்.

"இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல சிஸ்டர். பாத்துப் பிரிங்க, ஓரம் உதிருது."

நோய்ச்சீட்டு படித்துப் பழகிய கண்ணுக்கு அந்தக் கோணல் எழுத்து சிரமமாக இல்லை. துரை சுற்றி வளைக்காமல் எழுதியிருந்தார். தன்னோடு வாழ்ந்த பெண் இரண்டாவது பிரசவத்தில் இறந்துவிட்டாள். மூத்த பெண் குழந்தையைத் தானே வளர்த்தார். பாலுக்கு வழியில்லாத ஆண் குழந்தையைச் சமையல்காரரின் மனைவியிடம் ஒப்படைத்தார். பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. "அவன் இப்போது ரயில் பட்டறையில் கடைசல் வேலை செய்கிறான். அங்குள்ளவர்கள் அவனைப் பூனைக்கண்ணன் என்று அழைப்பதாக அறிகிறேன். என் உடைமையில் பாதி அவனைச் சேர வேண்டும். விரும்பினால் என் பெயரையும் அவன் வைத்துக்கொள்ளலாம். இதை யாராவது அவனிடம் நேரில் சொல்ல வேண்டும்."

கீழே சாட்சிகளின் குறிப்பு. எழுதியவருக்குக் காது மந்தம் என்பதால், உயில் அவர் காதருகே உரக்க வாசித்துக் காட்டப்பட்டது. அதைப் படித்ததும் சிஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. அம்மா, மாமா, அவள் என்று வீட்டில் பாதிப் பேருக்கு நடுவயதில் காது அடைத்துப்போகும். அவளே இரண்டு காதிலும் மிஷின் மாட்டியிருந்தாள்.

சிரிப்பு அடுத்த தாளில் நின்றது. துரை இறந்த பிறகு மகள் கொடுத்த சத்தியப் பத்திரம் அது. தன் தம்பி கைக்குழந்தையாக இருந்தபோதே இறந்துவிட்டான் என்று கையெழுத்திட்டிருந்தாள். அப்பா கைப்பட, பட்டறையில் வேலை செய்கிறான் என்று எழுதி வைத்த பிறகு. அந்த மகளின் வழியில்தான் சிஸ்டரும் தம்பியும் வந்தார்கள்.

அன்று மாலை தம்பியிடம் சொன்னாள். அவன் பத்திரத்தைத்தான் பிடித்துக்கொண்டான்.

"அதான் செத்துட்டான்னு எழுதியிருக்கே. சின்னதா ஒரு கட்டம் போட்டு மூடிடலாம்."

"உயிரோட இருக்கான்னு பெத்தவரே எழுதியிருக்காருடா."

"அக்கா, அது எந்தக் காலம்? இப்ப மட்டும் உயிரோடயா இருக்கப்போறான்?"

"அவன் பிள்ளைங்க இருக்குமில்ல."

"மரத்துல அந்தப் பக்கம் இடமே இல்ல. ஆர்ட்டிஸ்டுக்குக் குடுத்தாச்சு. ஏன் இதெல்லாம் தோண்டுற?"

ஏன் என்று அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. பங்கு கொடுக்க எதுவும் மிச்சமில்லை. துரையின் வீட்டை அம்மாவின் தாத்தா குடித்தே தீர்த்துவிட்டார். அந்த இடத்தில் இப்போது செருப்புக்கடை. ஆனால் வார்டில் பணி மாறும்போது, அடுத்து வருபவளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டால் சோறு இறங்காது. இதுவும் அப்படித்தான் இருந்தது. யாரோ ஒருத்தி சொல்லாமல் போய்விட்டாள். போய்ச் சொல்லிவிட்டால் படுக்கலாம்.

ரயில் பட்டறை வாசலுக்கு எதிரே, டயர் கடை மாடியில், ஓய்வு பெற்ற தொழிலாளர்களின் சங்க அறை இருந்தது. படியேறி முடிக்கவே அவளுக்கு மூச்சு வாங்கியது. சங்கச் செயலாளர் தண்ணீர் கொடுத்துவிட்டு விஷயத்தைக் கேட்டார்.

"பூனைக்கண்ணனா? தனி ஆளா யாரும் இல்லம்மா. பூனைக்கண் வீடுன்னு ஒரு குடும்பம் இருக்கு. பூனையும் கிடையாது, கண்ணும் கிடையாது. எல்லாருக்கும் கரிக்கட்டை மாதிரிக் கண்ணு. எப்படி வந்த பேருன்னு அவங்களுக்கே தெரியாது. பாட்டன் முப்பாட்டன் காலத்துல இருந்து பட்டறையில கடைசல் வேலை. இப்ப இருக்கிறவன் சொந்தமா லேத் போட்டிருக்கான்." பிறகு தன் காதைத் தொட்டுக் காட்டினார். "கொஞ்சம் சத்தமாப் பேசணும். அவங்க ஆளுங்களுக்கு வழிவழியாச் செவிடு. மிஷின் சத்தம், வேறென்ன."

சிஸ்டர் தண்ணீர் டம்ளரை அப்படியே கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

லேத் பட்டறை ஒரு வீட்டின் முன்பாதி. பின்பாதியில் குடும்பம். ஐம்பது தாண்டிய மனிதர் ஒருவர் இரும்புத் தண்டைக் கடைந்துகொண்டிருந்தார். அவள் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை. அவர் நிமிர்ந்து ஏதோ கேட்டது அவளுக்குக் கேட்கவில்லை. மிஷினை நிறுத்தினார். அதன் பிறகும் பெரிதாக மாற்றமில்லை.

"பூட்டா?" என்றார்.

"பாட்டன்" என்றாள் அவள்.

"பூட்டு வேலை இப்பப் பாக்கிறதில்லங்க."

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்து நடுவில் நின்று, இருவருக்கும் மாற்றி மாற்றிக் கத்திச் சொன்ன பிறகுதான் பேச்சு வழிக்கு வந்தது. சிஸ்டர் நகலை விரித்து ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். பொய்ப் பத்திரத்தையும் மறைக்கவில்லை. மனைவியின் கண் சுருங்கியது.

"பாதி சொத்துன்னு எழுதியிருக்கே. அது எங்க?"

"ஒண்ணும் இல்லம்மா. எங்க பக்கத்துல வித்துத் தின்னாச்சு. எங்களுக்கும் எதுவும் வரல. சேதி மட்டும்தான் மிச்சம்."

"சேதிய வெச்சு நாங்க என்ன பண்றது?"

துரையின் பெயர் என்ன என்று லேத்துக்காரர் கேட்டார். சொன்னாள். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். வாய்க்குள் அதை உருட்டிப் பார்த்துவிட்டு, "போர்டுல இதை எழுதுனா பட்டறைப் பக்கம் எவனும் வரமாட்டான்" என்றார். மனைவிகூடச் சிரித்துவிட்டாள்.

கைத்துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார். விரல்கள் சுத்தமான பிறகும் துடைத்தார்.

"அவருக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சா? பையன் இங்கதான் வேல செய்யறான்னு?"

"தெரிஞ்சிருக்கு."

"ஒரே ஊர்ல."

"ஆமா. ஒரே ஊர்ல."

"பட்டறைக்கு இன்ஜினியருங்க வருவாங்க. எங்க அப்பா காலத்துலயும் வருவாங்க. மிஷின் பக்கத்துல வந்து நின்னு பாத்துட்டுப் போவாங்க." திரும்பிப் போய் மிஷினைப் போட்டார். கடைய வேண்டிய தண்டு கடைந்து முடிந்திருந்தது. வெறுமனே சுற்றியது.

சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. சிஸ்டர் கிளம்பத்தான் எழுந்தாள். உள்ளே ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழும் சத்தம் லேத்தையும் தாண்டி அவள் காது மிஷினுக்குக் கேட்டது. கதவு வழியே பார்த்தாள். தொட்டிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு இளம்பெண் துணி மடித்துக்கொண்டிருந்தாள். குழந்தை அழுதுகொண்டே இருந்தது. அவள் மடித்துக்கொண்டே இருந்தாள்.

மனைவி ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கினாள். பிறகுதான் அந்தப் பெண் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"எங்க பொண்ணு" என்றாள் மனைவி. குரல் இறங்கிப்போயிருந்தது. "பிள்ள பொறந்ததுல இருந்து இப்படித்தான். பிள்ள அழுதாலும் திரும்பமாட்டா, கூப்பிட்டாலும் திரும்பமாட்டா. திமிர்னு மாமியார் வீட்டுல சொல்றாங்க. கொண்டுவந்து விட்டுட்டுப் போயிட்டாங்க. மனசு சரியில்லைன்னு ஒருத்தர் சொல்றாங்க."

"இவ லேத்துல நின்னிருக்காளா?"

"பொம்பளப் பிள்ளைய அங்க எதுக்கு நிக்க வைக்கிறோம்?"

சிஸ்டர் மறுபடியும் உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேரே, உதடு தெரியும்படி கேட்டாள்.

"ஏம்மா, பஸ்ஸுல போறப்ப, சத்தம் அதிகமா இருக்கிற இடத்துல, மத்தவங்க பேசுறது உனக்கு நல்லாக் கேக்குதா?"

பெண் அவளையே பார்த்தாள். "ஆமா. வீட்டுலதான் கேக்காது. சொன்னா யாரும் நம்பமாட்டாங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் அப்படித்தான் ஆரம்பிச்சுது."

லேத் நின்றிருந்தது. அப்பா கதவருகே வந்து நின்றார். அவர்கள் குடும்பத்தில் யாருக்கும் மிஷின் சத்தத்தால் காது போகவில்லை என்றே தோன்றுகிறது என்று சிஸ்டர் சொன்னாள். காதுக்குள் அரிசியைவிடச் சின்ன எலும்பு ஒன்று இருக்கிறது. அது இறுகிப்போகும். தலைமுறை தலைமுறையாக இறங்கி வரும். பெண்களுக்குப் பிரசவத்தோடு சட்டென்று கூடும். அறுவை செய்து பார்க்கலாம். "என் அம்மாவுக்கு யாரும் சொல்லல. எனக்குத் தெரியறப்ப ரொம்பத் தாமதம். இவளுக்கு இன்னும் நேரம் இருக்கு."

மனைவி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, "இதையில்ல முதல்ல சொல்லியிருக்கணும்" என்றாள்.

பிறகு மருத்துவமனைக்கு நடந்த நடை. வரிசை, பரிசோதனை, மறுபடி வரிசை. ஓய்வு பெற்ற பிறகு அந்த வராந்தாவில் கால் வைக்கக் கூடாது என்று அவள் நினைத்திருந்தாள். இப்போது பெஞ்சில் உட்கார்ந்து அடுத்தவர் தோளில் தூங்கி விழும் கூட்டத்தில் அவளும் ஒருத்தி. காது மருத்துவர், மாணவனாக இருந்தபோது ஊசி போடக் கை நடுங்கி அவளிடம் திட்டு வாங்கியவர்.

"குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கா சிஸ்டர்?"

"எனக்கே இருக்கு."

"நான் இந்தப் பொண்ணோட குடும்பத்தக் கேக்கறேன்."

"அதான் சொல்றேன் டாக்டர். என் தம்பி பொண்ணு." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. பக்கத்தில் நின்ற லேத்துக்காரருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. அவர் சுவரில் ஒட்டியிருந்த காதுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் வெளியே வந்ததும், "அக்கா, ஆட்டோ பிடிக்கட்டுமா, நடப்பீங்களா?" என்றார். அதுவரை அவர் அவளை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

முதலில் ஒரு காதுக்கு அறுவை செய்தார்கள். கட்டுப் பிரித்த அன்று ஒன்றும் தெரியவில்லை. தலை சுற்றுகிறது என்று பெண் படுத்தே கிடந்தாள். மனைவி சிஸ்டரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சில வாரம் போன பிறகு, ஒரு மதியம், பெண் சமையலறைக்கு எழுந்து போய்க் குழாயை இறுக்கி மூடிவிட்டு, "இது எப்பவும் இப்படித்தான் சொட்டிக்கிட்டு இருக்குமா?" என்று கேட்டாளாம். மனைவி போனில் இதைச் சொல்லும்போது அழுதாள். எதிர்முனையில் சிஸ்டருக்குப் பாதிதான் கேட்டது. பாதியே போதுமாக இருந்தது.

மருமகன் வந்தான். கூட்டிப்போக வந்தேன் என்றான். இன்னொரு காதும் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று பெண் சொல்லிவிட்டாள். அப்பாவையும் சோதித்துப் பார்க்கச் சொன்னார் மருத்துவர். "இத்தன வருஷம் இவ பேசுறது கேக்காமத்தான் குடும்பம் ஓடுச்சு" என்று அவர் மறுத்துவிட்டார்.

தம்பியின் மரம் அச்சாகிச் சட்டத்துக்குள் போய்விட்டது. படம் அனுப்பியிருந்தான். உச்சியில் துரை, கீழே மகள், அவளுக்குப் பக்கத்தில் பொட்டுப் போல ஒரு கட்டம். சிறுவயதில் இறந்தவர் என்று எழுதியிருந்தது.

"எப்படிக்கா இருக்கு?"

"தப்பா இருக்குடா."

"அக்கா, மாட்டியாச்சு. இனிமே எப்படி எடுக்கறது?"

"எடுக்க வேணாம். வர்றவங்க கேட்டா, தப்புன்னு சொல்லு."

அவன் வேறு பேச்சுக்குப் போனான். முன்பெல்லாம் இதற்கே அவள் சண்டை பிடித்திருப்பாள். இப்போது தெம்பில்லை.

இரண்டாவது காதுக்கு நாள் குறித்த ஞாயிற்றுக்கிழமை, மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளோடு அவர்கள் வீட்டுக்குப் போனாள். பட்டறை மூடியிருந்தது. பெண் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். லேத்துக்காரர் நாற்காலியை மின்விசிறிக்குக் கீழே இழுத்துப் போட்டார். தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று மனைவி உள்ளே போனாள்.

அவள் வருவதற்குள் சிஸ்டர் தூங்கிவிட்டாள். வாயை லேசாகத் திறந்து, கைப்பையை மடியில் பிடித்தபடி, அம்மா படுக்கையில் விழுந்த பிறகு ஒரு நாளும் தூங்காத தூக்கம்.

கண் விழித்தபோது வெயில் சுவரைவிட்டு இறங்கியிருந்தது. காலுக்கு அடியில் யாரோ தலையணை வைத்திருந்தார்கள். பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"எழுப்பிப் பாத்தோம் அண்ணி, நீங்க அசையல" என்றாள் மனைவி. "நாங்க சாப்பிட்டு முடிச்சிட்டோம். உங்களுக்கு எடுத்து வெச்சிருக்கேன். கை கழுவிட்டு வாங்க."