இடுப்பருகே ஒரு சத்தம்

தாம்பரம் ஏற்றுமதி வளாகத்தில் வெள்ளிச் சங்கிலி செய்யும் கம்பெனி அது. வேலை முடிந்து போகும் பெண்களைத் திரைக்குள் நிறுத்திச் சோதிப்பது திரிபுரசுந்தரியின் வேலை. டிடெக்டரை உடம்பை ஒட்டி ஓட்ட வேண்டும். வெள்ளித் துணுக்கை யாராவது ஒளித்து வைத்திருந்தால் கூவும்.

அன்று மாலை அது எல்லோரிடமும் கூவியது. இடுப்புக்குப் பின்னால் போகும்போதெல்லாம்.

எல்லோரிடமும் ஒரு காரணமும் இருந்தது. ஒருத்தி செருகியிருந்த சாவிக்கொத்தைக் காட்டினாள். ஒருத்தி கொசுவத்து ஊக்கைக் கழற்றினாள். "அரணாக்கயித்துல தாயத்து கீது மேடம். அத்தயும் அவுக்கணுமா?" என்றாள் இன்னொருத்தி. காரணம் கிடைத்ததும் திரிபுரசுந்தரி அனுப்பிவிட்டாள். எரிச்சல் மட்டும் போகவில்லை. இந்த டிடெக்டரைச் செய்தவன் புடவை கட்டியவர்களை ஒரு நிமிஷம்கூட நினைத்திருக்க மாட்டான்.

பாலிஷ் பிரிவு சரசுவிடம் சாவி இல்லை. ஊக்கை எடுத்தாள், கூவியது. தாலிச்சரடை முன்பக்கம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், கூவியது.

"என்னம்மா இவ்ளோ நேரம்?" பலகைத் தடுப்புக்கு அப்பாலிருந்து சூப்பர்வைசர் எட்மண்ட் கேட்டார். "சத்தம் நிக்கலன்னா சொல்லு. நாளைலேருந்து வர வேணாம்னுடலாம்."

சரசு திரிபுரசுந்தரியின் காதருகே வந்தாள்.

"நான் எதையும் எடுக்கலக்கா. உள்ள காப்பர்-டி கீது. ரெண்டாவது பொண்ணு பொறந்தப்ப ஆஸ்பத்திரியில வெச்சிக்கினேன். வூட்ல யாருக்கும் தெரியாது. ஆம்பளப் புள்ள வேணும்னு கோயில் கோயிலா சுத்திகினு கீறாங்க. தெரிஞ்சா என்னைத் தொரத்திருவாங்க."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் திரை ஒரு பழைய பெட்ஷீட். அதற்கு வெளியே வரிசையில் அடுத்து நின்றவள் தையல்நாயகி, சரசுவின் நாத்தனார்.

"நீ போ" என்றாள் திரிபுரசுந்தரி. தன் கை எதுவரை போய்விட்டது என்று கூசியது. ஆள் இல்லாத இடத்தில் டிடெக்டரை நீட்டினாள். பெண்கள் முதுகு காட்டி நிற்கும் பலகையருகே போனதும் கூவியது.

"சார், அந்தப் பக்கம் என்ன வெச்சிருக்கீங்க?"

"பீரோ. மத்தியானம்தான் நகர்த்தினோம். ஏன்?"

மாலை முழுவதும் இந்தச் சனியன் கண்டுபிடித்தது ஒரு இரும்பு பீரோவை. பெண்கள்தான் ஒவ்வொருத்தியும் தன் உடம்பைத் தானே துழாவி, ஏதோ ஒன்றை எடுத்து நீட்டியிருக்கிறார்கள். சரசு ஆழமாகத் துழாவிவிட்டாள். முதல் சாவிக்கொத்தின்போதே வெறும் இடத்தில் ஓட்டிப் பார்த்திருந்தால் என்ன என்று நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது.

தையல்நாயகி உள்ளே வந்தாள். "அண்ணிக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல. பின்னாடி பீரோ இருக்கு, அதான் சும்மா கத்துது."

தையல்நாயகி கைகளைத் தூக்கி நின்றாள். கல்யாணம் ஆகாதவள். இடுப்பருகே டிடெக்டர் கூவியது.

"எனக்கும் கூவுதே மேடம். எனக்கும் அத்த வெச்சிட்டாங்களா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

"அவ பயத்துல ஏதோ ஒளறினா தையலு. நீ அதப் பெருசா எடுத்துக்காத."

"பயத்துல யாராவது இதெல்லாம் இட்டுக்கட்டி சொல்லுவாங்களா மேடம்?"

டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டாள். வெளியே, கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்த சரசுவைக் கூப்பிட்டது உள்ளே வரை கேட்டது.

"அண்ணி, நில்லு. சேந்தே போலாம்."