அண்ணிக்குப் பின்னால் இருந்த மெஷின்

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் விளம்பரப் படத்தில் அண்ணியின் முகம் பதினோரு விநாடி வரும். கல்யாண வீடியோ எடுத்துக் காலம் தள்ளும் நான், என் வாழ்நாளில் எடுத்த உருப்படியான காட்சி அதுதான் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். அண்ணியின் இமை முடியை எண்ணிவிடலாம். பின்னால் இருப்பதெல்லாம் வெண்ணெயாக உருகிக் கிடக்கும். அந்த வேலையை எனக்கு வாங்கித் தந்ததே, அங்கே மெஷினில் வேலை பார்க்கும் அண்ணிதான். "என் கொழுந்தன் நல்லா எடுப்பாரு சார்" என்று மேலாளரிடம் சொல்லிச் சொல்லியே காரியத்தைச் சாதித்தார்.

படம் எடுத்து எட்டு வாரத்தில், அட்டை வெட்டும் மெஷின் அண்ணியின் வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டது.

கத்திக்கு முன்னால் கை போகாமலிருக்க ஒரு கம்பித் தடுப்பு உண்டு. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அன்று காலை அண்ணியே அதைக் கழற்றிவிட்டார் என்றது நிர்வாகம். அது உடைந்து பல மாதமாகிறது, சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம் என்றார் அண்ணி. விபத்து நடந்த மாலையே புதுத் தடுப்பு மாட்டியாகிவிட்டது. தொழிலாளர் ஆய்வாளர் விசாரணைக்கு வருகிறார். தவறு அண்ணியுடையது என்று எழுதிவிட்டால் விரலோடு வேலையும் போகும், பழியும் சேரும்.

"நீ எடுத்த படத்துல மெஷின் இருக்குமேடா, போட்டுக் காட்டு" என்றான் அண்ணன்.

போட்டேன். அண்ணியின் காதுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று. அது மெஷினா, பீரோவா, யானையா என்று ஆண்டவனுக்கே வெளிச்சம்.

"என்ன தம்பி இது, புகையா?" என்றார் அண்ணி.

"இல்ல அண்ணி. பாக்கறவங்க கண்ணு உங்க முகத்த விட்டு நகரக் கூடாதுன்னு நாங்களே மங்கலாக்கறது."

"நல்லா நகராம பண்ணின போ."

எனக்கு வெட்கமாக இருந்தது. என் வீடியோ கடைக்குப் போய், வெட்டாத மூலப் பதிவுகளை ஒன்றுவிடாமல் பார்த்தேன். 'ரெடி' என்றதும் மனிதர்கள் விறைத்துப்போவார்கள். அதனால் சொல்லாமலே பதிவைத் தொடங்கிவிடுவது என் வழக்கம். நான்காவது பதிவில் முதல் மூன்று விநாடி, ஃபோகஸ் தவறிப்போய் மெஷின்மேல் நிற்கிறது. கத்தி தெரிகிறது. தடுப்பு இருக்கவேண்டிய இடத்தில் துருப்பிடித்த இரண்டு ஓட்டைகள் தெரிகின்றன. அந்தப் பதிவை வெட்டாமல் அப்படியே மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டேன்.

விசாரணையில் மடிக்கணினியைத் திறந்து வைத்தேன். மேலாளர் எட்டிப் பார்த்தார்.

"முன்னாடி நிக்கறது யாருன்னே தெரியலையே. இது வேற எவனாவது எடுத்ததா இருக்கும்."

"கொஞ்சம் ஓடட்டும் சார்" என்றார் ஆய்வாளர்.

திரையில் நான் லென்ஸ் வளையத்தைத் திருப்புகிறேன். ஓட்டைகள் கரைகின்றன, முன்னாலிருந்த மங்கல் அண்ணியாகிறது. நடுவில் வெட்டே இல்லை. அங்கிருந்து மேலாளருக்கு நன்றாகத் தெரிந்த அந்தப் பதினோரு விநாடி தொடங்குகிறது. மேலாளர் தண்ணீர் குடித்தார். ஆய்வாளர் ஐந்து முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, விபத்துக்கு எட்டு வாரம் முன்பே தடுப்பு இல்லை என்று எழுதினார். அண்ணனுக்கு அழுகை வந்துவிட்டது.

வெளியே வந்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். ஒரு நல்ல வார்த்தை கிடைக்கும் என்று ஆசை. கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்தபடி அண்ணி கேட்டார்.

"அந்த மூணு விநாடிய ஏன் தம்பி வெட்டின?"

"பாக்க அசிங்கமா இருந்துச்சு அண்ணி. துருவும் ஓட்டையுமா…"

"அப்ப அந்த ஓட்டைய நீ அன்னைக்கே பாத்திருக்க."

ஆமாம் என்றேன்.