கிளம்பிக்கொண்டிருக்கிறார்

பக்கவாதம் வந்து விழுந்த பிறகு அப்பா சொன்ன முதல் வார்த்தை, "பரவால்ல."

மாவட்டத்துப் பனி தள்ளும் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தார். இடது கை பேச்சைக் கேட்கவில்லை என்று தெரிந்ததும் லாரியை ஓரமாக நிறுத்தி, அபாய விளக்கைப் போட்டு, பின்னால் வருகிறவர்களுக்கு வழி இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் சரிந்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து எப்படி இருக்கிறது என்று கேட்டபோது வாயின் பாதியால் பதில் சொன்னார். மினசோட்டாவின் வடக்கு மூலையில் இருக்கும் எங்கள் ஊரில் இதற்கு வீரம் என்று பெயரில்லை, அடிப்படை மரியாதை. எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறவரிடம் எப்படி இருக்கிறோம் என்று சொல்வது அவரைச் சங்கடப்படுத்துவது.

நான் கல்லூரியிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தேன். அம்மா அரிசோனாவில் ஒரு பல் டாக்டருடன் இருக்கிறாள், பூங்கொத்து அனுப்பினாள். அப்பா உயிர் பிழைத்தார். இனி நடக்கப் பழக வேண்டும். ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் அதற்கென்று ஒரு வார்டு இருந்தது. அங்கே மார்லிஸ் என்ற பிசியோதெரபிஸ்ட், அப்பாவின் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தினமும் அவரை நடத்தினார். பிடியை விட்டால் அப்பா இடது பக்கமாக மரம் மாதிரி சாய்வார். எங்கள் வீட்டில் படுக்கையறை, குளியலறை இரண்டுமே மாடியில்.

இந்த நிலையில்தான் இன்ஷூரன்ஸ் கம்பெனி, வெள்ளிக்கிழமை மதியத்தோடு அவர் வீட்டுக்குப் போகலாம் என்று முடிவு செய்தது.

நான் போன் போட்டேன். நெடுநேரம் புல்லாங்குழல் வாசித்தார்கள். நடுநடுவே ஒரு பெண் குரல், என் அழைப்பு அவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிட்டு மறுபடி என்னைப் புல்லாங்குழலிடம் ஒப்படைத்தது. கடைசியில் ட்ரெண்ட் என்பவர் வந்தார். மிக இனிமையானவர். அவர் மேல் கோபப்படுவது தலையணையைக் குத்துவது மாதிரி.

"எங்க டாக்டர் ஃபைலைப் பாத்துட்டாருங்க."

"எந்த டாக்டர்?"

"மூக்கு நிபுணருங்க."

"எங்க அப்பாவுக்கு மூக்கு நல்லாத்தான் இருக்கு."

"ஃபைலும் அதைத்தாங்க சொல்லுது" என்றார் ட்ரெண்ட், நான் ஒத்துவந்துவிட்டேன் என்ற மகிழ்ச்சியில். பிறகு வார்டில் எழுதிய குறிப்புகளை எனக்கு வாசித்துக் காட்டினார். தினமும் காலையில் எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். தினமும் அப்பா "குறையொண்ணும் இல்ல" என்றிருக்கிறார். நடப்பதில் சிரமம்? "சமாளிக்கலாம்." வலி, பத்துக்கு எத்தனை? "ஒண்ணு."

அப்பாவிடம் போய் நின்றேன்.

"ஒண்ணா? ராத்திரியெல்லாம் தோளைப் பிடிச்சிட்டு முனகுறீங்க. ஒண்ணுன்னு சொல்லிருக்கீங்க?"

"பின்ன? நம்ம ஊர் கார்லுக்கு வைக்கோல் மெஷின்ல கை போச்சில்ல, அதுதான்டா பத்து. அவனே ஏழுன்னுதான் சொன்னான். எனக்குக் கை ஒட்டிட்டுத்தான இருக்கு?"

"நீங்க குறை சொல்லணும்ப்பா. சொல்லலேன்னா வீட்டுக்கு அனுப்பிருவாங்க. சரி, இப்ப நான் டாக்டர். எப்படி இருக்கு?"

அப்பா கண்ணை மூடிக்கொண்டு முயன்றார். நெற்றி வியர்த்தது. "முன்ன மாதிரி... அவ்வளவா... அட, பரவால்லடா."

மேல்முறையீடு செய்தேன். தீர்ப்பு வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் வரும் என்றார் ட்ரெண்ட். மதியம் படுக்கையைக் காலி செய்ய வேண்டும், பதில் சாயங்காலம் வரும், நடுவில் என்ன செய்வது என்று கேட்டேன்.

"வீட்ல வெயிட் பண்ணலாங்க. ஆனா ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிட்டார்னா மேல்முறையீடு முடிஞ்சிரும்."

"ஏன்?"

"வீட்டுக்குப் போயிட்டார்னா, வீட்டுக்குப் போக முடிஞ்சிருச்சுன்னுதானங்க அர்த்தம்?"

மதியத்துக்கு மேல் படுக்கையில் இருந்தால் ஒவ்வொரு மணி நேரத்துச் செலவும் எங்கள் தலையில் விழும். வாசலைத் தாண்டினால் எல்லாம் போச்சு. மார்லிஸிடம் சொன்னேன்.

"படுக்கைக்குத்தான் காசு. வராண்டாவுக்கு எவனும் காசு வாங்கல" என்றார். "தம்பி, உங்கப்பா எந்த ஊர்க்காரர்?"

"இந்த ஊர்தான்."

"அப்ப அவரைக் கிளம்பச் சொல்லு. நம்ம வழக்கப்படி."

எங்கள் வழக்கப்படி கிளம்புவது என்றால் என்ன என்பதை, நல்ல வேளையாக, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவர்கள் தலைமையகம் வேறு மாநிலத்தில். எங்கள் ஊரில் விருந்துக்குப் போனவர் முதலில் இரண்டு முழங்காலையும் தட்டி "அப்ப சரி, கிளம்பலாம்" என்பார். இது அறிவிப்பு மட்டுமே. பிறகு எழுந்து நின்று ஒரு பேச்சு, கோட்டை மாட்டிக்கொண்டு ஒரு பேச்சு, கதவருகே வானிலை, மிச்சச் சாப்பாட்டை டப்பாவில் வாங்கிக்கொள்வது, வாசற்படியில் உறவினர்களின் நோய்கள், காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கி மறுபடி வானிலை. அம்மா அப்பாவை விட்டுப் போன அன்றுகூடக் கதவருகே நின்று இருவரும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்பா ஒரு டப்பாவில் ஹாட்டிஷ் என்ற எங்கள் ஊர்ச் சாப்பாட்டைக் கொடுத்தனுப்பினார். டப்பா திரும்பி வரவில்லை என்பதுதான் அவருடைய ஒரே வருத்தம் என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள்.

வெள்ளி மதியம் அப்பாவைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தோம். பக்கத்து வீட்டு கோர்டி தன் பிக்கப் வண்டியோடு வந்திருந்தார். கையில் ஒரு பெரிய தட்டு நிறைய ஹாட்டிஷ். உருளைக்கிழங்கும் மாட்டுக்கறியும் டப்பா சூப்பும் ஒன்றாய் வெந்து மேலே முறுகியது. எங்கள் பக்கம் பிறப்புக்கும் இறப்புக்கும் அதுதான்.

"எப்படி இருக்கே ஆர்லோ?"

"பரவால்ல. நீ?"

"பரவால்ல."

கோர்டிக்குப் போன மாதம்தான் இருதயத்தில் ஆபரேஷன் ஆகியிருந்தது.

அப்பா வலது கையால் வலது முழங்காலைத் தட்டினார். பிறகு அதே கையைக் கொண்டுபோய் இடது முழங்காலையும் தட்டினார். சத்தம் கேட்டது. அப்பா அந்த முழங்காலைப் பார்த்தார். வேறு யாரோ அங்கே வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பதுபோல. இன்னொரு முறை, கொஞ்சம் பலமாகத் தட்டினார். பிறகு நிமிர்ந்து, "அப்ப சரி, கிளம்பலாம்" என்றார்.

கிளம்பினோம். அறைக்கதவுக்கு வருவதற்குள் கோர்டியும் அப்பாவும் ஏரியில் ஐஸ் எவ்வளவு கனம் என்பதை முடித்திருந்தார்கள். வராண்டாவில் ஒவ்வொரு அறையாக நின்று விடைபெற்றோம். நான்காம் அறைக்காரர் அப்பாவின் லாரி தன் தபால்பெட்டியை இரண்டு முறை இடித்துத் தள்ளியதை ஞாபகப்படுத்தினார். அப்பா மன்னிப்புக் கேட்டார். அவர் பரவால்ல என்றார். அப்பா அப்படிச் சொல்லக்கூடாது என்றார். இதிலேயே வெகுநேரம் போனது.

ட்ரெண்ட் போன் செய்தார். என் கையிலிருந்து போனை மார்லிஸ் வாங்கிக்கொண்டார்.

"பேஷன்ட் கிளம்பிட்டாராங்க?"

"கிளம்பிக்கிட்டிருக்கார்."

திரும்பி என்னைப் பார்த்து, "நான் சர்ச்சுல பாடுறவ தம்பி. பொய் சொல்ல மாட்டேன்" என்றார்.

லிஃப்டுக்கு முன்னால் காபி குடித்தோம். லிஃப்ட் வந்தது, பக்கத்தில் வயதான பெண்மணி ஒருவரும் காத்திருந்தார். நீங்கள் முதலில் போங்கள் என்றார் அப்பா. இல்லை, நீங்கள் போங்கள் என்றார் அவர். லிஃப்ட் இருவரையும் பொருட்படுத்தாமல் போய்விட்டது. இது மூன்று முறை நடந்தது. மறுபடி போன்.

"இன்னுமாங்க கிளம்பல?"

"யாரு சொன்னா? கோட்டு மாட்டியாச்சே!" என்றார் மார்லிஸ்.

கீழே வரவேற்பறையில் கோர்டி ஹாட்டிஷைத் திறந்தார். வரவேற்பில் இருந்தவர், மருந்துக் கடைக்காரர், அழுதுகொண்டிருந்த ஒரு தாத்தா என்று எல்லாருக்கும் காகிதத் தட்டில் போயிற்று. எல்லாரும் கடைசித் துண்டை வேண்டாம் என்றார்கள். அதைப் பாதியாக வெட்டினார்கள். பாதியையும் வேண்டாம் என்றார்கள். கால் துண்டாக்கினார்கள். கம்பெனியின் கணக்கில் அப்பா மதியமே வெளியேறியவர். இங்கே அவர் மோவாயில் உருளைக்கிழங்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆனால் பேச்சு எவ்வளவுதான் வரும்? வெளியே இருட்டத் தொடங்கியது. வானிலையை ஆறு தடவை பேசிவிட்டோம். அது மாறவும் இல்லை. கடைசியில் தானாகத் திறக்கும் கண்ணாடிக் கதவுக்கு வந்து சேர்ந்தோம். நாற்காலியைக் கண்டதும் கதவு திறந்தது. போகவில்லை என்றதும் மூடியது. மறுபடி திறந்தது. ஒவ்வொரு முறையும் குளிர் உள்ளே வந்தது. வெளியே கோர்டியின் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. வரவேற்பில் இருந்த பெண் ஸ்வெட்டரின் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

அதுதான் அப்பாவை அசைத்துவிட்டது.

"போதும்டா எம்மெட். அந்தப் பொண்ணுக்குக் குளிருது. எல்லாருக்கும் இடைஞ்சலா இருக்கோம்."

"அப்பா, இன்னும் கொஞ்ச நேரம்."

"நான் சமாளிச்சுக்குவேன். கீழ சோஃபால படுத்துக்கறேன்."

"பாத்ரூமுக்கு?"

"கோர்டி வருவான்."

"நான் ஏன்டா உன் பாத்ரூமுக்கு வரணும்?" என்றார் கோர்டி. பிறகு கீழே பார்த்து, "வருவேன்" என்றார்.

அப்பா வலது காலால் தரையை உந்தி நாற்காலியை நகர்த்தினார். முன்சக்கரம் கதவின் இரும்புத் தடத்தில் ஏறியது. நான் கைப்பிடியைப் பின்னால் இழுத்தேன். பெற்ற அப்பாவை அவர் போகும் வழியில் போகவிடாமல் பிடித்து இழுத்தது அதுதான் முதல் தடவை. திரும்பி என்னைப் பார்த்தார். நான் விடவில்லை.

போன் அடித்தது. ட்ரெண்ட்.

"எங்க டாக்டர் பேசணுங்கறாருங்க. பேஷன்ட்கிட்ட நேரா."

"மூக்கு டாக்டரா?"

"இவர் வேறங்க. இவர் எலும்பு."

முன்னேற்றம்தான். போனை ஸ்பீக்கரில் போட்டு அப்பாவிடம் நீட்டினேன். ஒரு சோர்ந்த குரல், அன்றைக்கு எத்தனையாவது ஆளோ, கேட்டது: "மிஸ்டர் ஸ்டென்ஸ்ருட், எப்படி இருக்கீங்க?"

மார்லிஸ் கண்ணை மூடிக்கொண்டார். கதவு திறந்தது, மூடியது. அப்பாவின் வாயில் அந்த வார்த்தை வந்து நிற்பது எனக்குத் தெரிந்தது. அறுபத்தோரு வருடப் பழக்கம். உதடு "ப"வுக்குக் ஒட்டியேவிட்டது.

அப்பா இடது முழங்காலைப் பார்த்தார். வலது கையால் ஓங்கி ஓர் அடி அடித்தார். வரவேற்பறை முழுக்கக் கேட்டது.

"கேட்டுச்சா?" என்றார்.

"ஏதோ சத்தம் கேட்டுச்சு."

"எனக்கும் சத்தம்தான் கேட்டுச்சு. வேற ஒண்ணும் தெரியல." மூச்சு வாங்கினார். "நல்லா இல்லைய்யா. நான் நல்லா இல்ல."

காகிதத் தட்டோடு இருந்த தாத்தா அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். எங்கள் ஊரில் ஒருவர் பொது இடத்தில் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. கோர்டி தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"குறிப்புல, குறையொண்ணும் இல்லைன்னு..."

"அது நான் மரியாதைக்குச் சொன்னது. நீங்க அதை வச்சே என்னை வெளியில தள்ளுறீங்க. என் வீட்ல பதிமூணு படி இருக்கு. ஒரு படி ஏறச் சொல்லுங்க, உங்க கண் முன்னால விழுந்து காட்டுறேன். நடக்கப் பழகாம இந்த வாசலைத் தாண்ட மாட்டேன். குளிருக்கு அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன். உங்ககிட்ட மாட்டேன்."

கொஞ்சம் பொறுங்கள் என்றது குரல். புல்லாங்குழல் வந்தது. ஸ்பீக்கரில், ஆஸ்பத்திரி வாசலில், எல்லாரும் நின்று கேட்டோம். மார்லிஸ் அப்பாவின் வலது கையைப் பிடித்துக்கொண்டார்.

குரல் திரும்பி வந்தது. "மாசக் கடைசி வரைக்கும் அனுமதிக்கிறோம். அதுக்கப்புறம் மறுபடி பாப்போம்."

"பாக்கலாம்" என்றார் அப்பா. "அப்பவும் நாங்க மெதுவாத்தான் கிளம்புவோம்."

மேலே கூட்டிப்போய்ப் படுக்க வைத்தோம். மார்லிஸ் அன்றைய குறிப்பை எழுத வந்தார். "வலி, பத்துக்கு எத்தனை?"

அப்பா கோர்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கார்லை நினைத்திருப்பார்.

"எட்டு."

"கார்லே ஏழுதானய்யா சொன்னான்!" என்றார் கோர்டி அதிர்ந்துபோய்.

"கார்ல் பொய் சொல்லிருக்கான்" என்றார் அப்பா. "எழுதிக்கம்மா. எட்டு."

கோர்டி இரண்டு முழங்காலையும் தட்டி, "அப்ப சரி, நான் கிளம்பறேன்" என்றார். கீழே அவருடைய வண்டியின் இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. நான் போய் அணைத்துவிட்டு வந்தேன்.