முதலில் விழித்த டிஸ்க்

என் ரிப்பேர் கடைக்கு வருகிற எல்லாரிடமும் நான் ஒரே பாட்டைத்தான் பாடுவேன். கம்ப்யூட்டர் ஒரு டிஸ்குக்கு வைக்கிற பெயர், டாக்டரிடம் காத்திருக்கிறவனுக்குக் கொடுக்கிற டோக்கன் மாதிரி. எந்த டிஸ்க் முதலில் விழிக்கிறதோ அதற்கு முதல் பெயர். அணைத்துப் போட்டால் வரிசை மாறலாம். நாம் டிஸ்குக்குள்ளேயே எழுதிவைக்கிற லேபிள்தான் அது போகிற இடமெல்லாம் கூடப் போகும். இதை மறந்து தப்பான டிஸ்கை அழித்துவிட்டு வந்து நிற்கிறவர்களைக் கன்னாபின்னாவென்று திட்டியிருக்கிறேன். முட்டாள்கள் என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கு அக்கா கொண்டுவந்தது, மாமா வேலை பார்த்த கிடங்கின் கேமரா டிஸ்க். கிடங்கின் பின்வாசலில் யாரோ சூப்பர்வைசரைக் கம்பியால் அடித்துப் போட்டுவிட்டான். முந்தின வாரம் அவரோடு வாய்ச்சண்டை போட்ட பாவத்துக்கு மாமாவைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டார்கள். அடி விழுந்த அதே நேரத்தில் மாமா முன்பக்கம் லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார். டிஸ்கில் அது இருந்தது, நானே ஓட்டிப் பார்த்தேன். வேறு எங்கும் அந்தப் பதிவு கிடையாது. ஒரு நகல் எடுத்துக்கொண்டு, நாலு மணிக்குள் வக்கீலிடம் கொடுக்க வேண்டும்.

நகலுக்கு ஒரு புது டிஸ்க் எடுத்து, ‘காலி’ என்று லேபிள் கொடுத்தேன். மெஷின் கேமரா டிஸ்கை பி என்றது, புதியதை சி என்றது. பி-யிலிருந்து சி-க்கு என்று கட்டளை தட்டினேன். எழுதத் தொடங்கும் முன்பே, ஆறு மணி நேரம் ஆகும் என்று கணக்குக் காட்டியது. ஆமை வேகம். எனக்குப் பொறுமை ஏது? ஓர் எழுத்து ஏறும் முன்பே நிறுத்திவிட்டு, இரண்டு கேபிளையும் பிடுங்கி வேகமான இடத்தில் செருகி, மெஷினை மறுபடி போட்டேன்.

“பேரு மாறலையேன்னு ஒரு தடவை பாத்துக்கோயேன்டா,” என்றாள் அக்கா. என் பாட்டை அவளும் எத்தனை முறை கேட்டிருக்கிறாள்!

“எனக்கே பாடம் எடுக்கிறியா? இதுல பழம் தின்னு கொட்டை போட்டவன்க்கா நான். பேசாம உக்காரு.”

மேல் அம்புக்குறியை அழுத்தினால் பழைய கட்டளை அப்படியே வரும். அழுத்தினேன், எண்டரைத் தட்டினேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவளைச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனேன்.

இரண்டு மணி நேரம் கழித்து வந்து டிஸ்குகளின் பட்டியலைப் பார்த்தேன். பி, லேபிள்: காலி. சி, லேபிள்: காலி.

ஐயோ! புது டிஸ்க் முதலில் விழித்து பி ஆகியிருக்கிறது. அதிலிருந்த வெறுமையை, லேபிளோடு சேர்த்து, மாமாவின் டிஸ்க் முழுக்கப் பூசிவிட்டேன். மீட்க ஒரு நொடிப் பதிவுகூட மிச்சமில்லை. லேபிளைப் பார்க்க ஒரு வரி தட்டியிருந்தால் போதும். என் திமிர், தட்டவில்லை.

“முடிஞ்சுதாடா?”

“டிஸ்க் செத்துப்போச்சுக்கா. ரொம்பப் பழசு. பாதியிலயே நின்னுடுச்சு.”

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அவள் கத்துவாள் என்று பார்த்தேன். என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். “நீ என்னடா பண்ணுவ,” என்றாள். அந்தக் கையைத் தட்டிவிட்டு உண்மையைக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தவில்லை.

மாமாவுக்கு ஒன்பது வருஷம் போட்டார்கள். பார்க்கப் போகும்போதெல்லாம் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று, “மாப்ள, எனக்காக அலைஞ்சது நீ ஒருத்தன்தான்” என்பார். நான் தரையைப் பார்ப்பேன்.

போன வாரம் அக்கா ஓட்டமும் நடையுமாகக் கடைக்கு வந்தாள். “செத்த டிஸ்க்கக்கூட ஒருத்தர் உயிர்ப்பிச்சுடுவாராம்டா. அப்பீலுக்கு இன்னும் நாள் இருக்கு. அதைக் குடு, நானே கொண்டுபோறேன்.”

அது சாகவில்லை. சுகமாக ஓடும். செருகினதும் ‘காலி’ என்று நான் வைத்த லேபிளைக் காட்டும். அதைச் செய்தது யார், எந்த நாளில் என்று கண்டுபிடிக்க அந்த ஆளுக்கு ஐந்து நிமிஷம் போதும்.

“தேடி எடுத்துட்டு வரேன், இரு” என்று பின்னறைக்குப் போனேன். கதவைச் சாத்திக்கொண்டு, டிஸ்கைப் பிரித்து, உள்ளே இருந்த தகடுகளில் ஸ்க்ரூடிரைவரால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறினேன். மூடி, திருகுகளை முடுக்கி, துடைத்துக்கொண்டுவந்து நீட்டினேன்.

அக்கா அதை இரண்டு கைகளாலும் வாங்கி, துண்டில் சுற்றி மடியில் வைத்து, குலுங்காமல் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் போனாள்.