ஏழாம் நம்பர் வண்டியின் சீட்டு

விடியற்காலை நான்கரை மணிக்கு இரும்பு சில்லென்றிருக்கும். ஸ்பேனரைப் பிடித்தால் விரல்கள் மரத்துப்போகும். எனக்கு அது பிடித்திருந்தது.

ஷெட்டில் இருபத்திரண்டு வாடகைக் கார்கள். எல்லாம் ஒரே ரகத்துச் சின்னக் கார்கள், எல்லாம் பத்து வயதைத் தாண்டியவை. ஆறு மணிக்கு டிரைவர்கள் வந்துவிடுவார்கள். அதற்குள் நாங்கள் நான்கு பேர் அவற்றை ஓடும்படி செய்தாக வேண்டும். ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் செங்கல்லைக் கரைத்தது போலத் தண்ணீர். கூலண்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஊற்றி உள்ளே துருவேறிவிட்டது. பேட்டரி முனையில் வெள்ளையாய்ப் பூத்திருப்பதை வெந்நீர் விட்டுச் சுரண்டுவோம். தேய்ந்துபோன கிளட்சுக்குக் கேபிளை இழுத்து முறுக்கி இன்னும் ஒரு வாரம் உயிர் கொடுப்போம். எந்தப் பாகம் போனாலும் முதலாளி சொல்வது ஒன்றுதான்: துடைத்து மாட்டு.

பிரேக் வேலை, நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுபவருடையது. ஐம்பது வயதிருக்கும். வண்டிக்கு அடியில் அட்டையை விரித்துப் படுத்தால் பாதம் மட்டும் வெளியே தெரியும். ஒயரிங் பார்ப்பவனை எல்லோரும் கரண்ட் என்றுதான் கூப்பிடுவோம். வாய் ஓயாதவன். அந்தப் பாதங்களைக் கடக்கும்போதெல்லாம், அக்கா உயிரோடு இருக்கிறாரா, இல்லை அவரையும் துடைத்து மாட்டவேண்டுமா என்று கேட்பான்.

நான் பட்டதாரி. கையெழுத்து நன்றாக இருக்கும் என்று வேலைச் சீட்டு எழுதுவதும் என் தலையில் விழுந்தது. இந்த ஷெட்டில் சீட்டு முதலில், வேலை பிறகு. முந்தின நாள் மாலையே முதலாளி சொல்லச் சொல்ல எழுதிவிடுவேன். பிரேக் ஹோஸ், புதியது, மாற்றப்பட்டது. வருடாந்திரச் சோதனையில் அந்தச் சீட்டைத்தான் பார்ப்பார்கள். மறுநாள் அக்கா, பிரேக் எண்ணெய் போகும் ரப்பர்க் குழாயான அந்தப் பழைய ஹோஸைக் கழற்றி, துடைத்து, பளபளப்புக்கு எண்ணெய் தடவி, அதையே மாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவார். புது ஹோஸ் வேண்டும் என்று அவர் கேட்காத மாதமில்லை. அதை நான் எங்கும் எழுதியதில்லை. சீட்டில் அதற்குக் கட்டம் கிடையாது.

என் மனைவி இறந்து பதினான்கு மாதம். காய்ச்சல், ஐந்து நாள். அதன் பிறகு என்ன எழுதச் சொன்னாலும் எழுதினேன். ஷெட்டின் மாடியில் ஓர் அறையை முதலாளி எனக்கு ஒதுக்கியிருந்தார்.

நேற்று மதியம் ஏழாம் நம்பர் வண்டி மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது பிரேக் மிதி தரைவரை போய்விட்டது. கீழே ஜனங்கள் சாலையைக் கடந்துகொண்டிருந்தார்கள். டிரைவர் வண்டியைச் சுவரில் மோதவிட்டார். அவருக்கு இரண்டு காலும் முறிந்தன. வேறு யாருக்கும் கீறல்கூட இல்லை. இரவோடு இரவாக வண்டியை இழுத்து வந்து ஷெட்டின் மூலையில் போட்டுவிட்டார்கள்.

இன்று ஆறு மணிக்கு டிரைவர்கள் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பும்போதே முதலாளி வந்தார். கையில் ஏழாம் நம்பரின் சீட்டு.

"இது யாரு கையெழுத்தும்மா?"

"என்னோடதுதான்," என்றார் அக்கா.

"புது ஹோஸ்னு எழுதியிருக்கு. புது ஹோஸ் மூணு மாசத்துல கிழியுமா? நீ மாட்டுன லட்சணம் அப்படி."

"அது புதுசு இல்லன்னு உங்களுக்கே தெரியும். துடைச்சு மாட்டச் சொன்னதே நீங்கதான்."

"எங்க எழுதியிருக்கு?"

அக்கா என்னைப் பார்த்தார்.

முதலாளி என்னிடம் ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். அக்காவின் கவனக்குறைவால்தான் விபத்து என்று எழுதவேண்டும். மெக்கானிக்குகள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். போலீஸ் வந்தால் காட்டுவதற்கு. போலீஸ் கண்ணில் படாமலிருக்க, பழைய இரும்பு லாரி ஏழு மணிக்கே வந்து அந்த வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடும்.

"எழுதுங்க தம்பி," என்றார் அக்கா. "நான் உள்ள போனதும் படுக்கையில கெடக்குற என் மாமியாருக்கு யாரு சோறு ஊட்டுவான்னு, அதையும் ஒரு வரி எழுதிடுங்க."

நான் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூலைக்குப் போனேன். ஏழாம் நம்பருக்கு அடியில் புகுந்து, இடது முன்சக்கரத்தின் ஹோஸைக் கழற்றினேன். மாட்டிய இடத்தில் நட்டு இறுக்கமாகவே இருந்தது. நடுவில்தான் வாய் பிளந்திருந்தது. பெட்ரோல் துணியால் துடைத்தேன். ரப்பரின் மேல் அச்சிட்டிருந்த வருடம் தெரிந்தது. வண்டி பிறந்த வருடம்.

வெளியே வந்து பானெட்டின் மேல் தாளை வைத்து எழுதினேன். எழுதியதை உரக்கப் படித்தேன். ஹோஸ் ஒருபோதும் மாற்றப்படவில்லை. மாற்றியதாகப் பொய் எழுதியவன் நான். இருபத்திரண்டு வண்டிகளுக்கும் அப்படித்தான் எழுதினேன். எழுதச் சொன்னவர் முதலாளி.

"பொண்டாட்டி செத்து நடுத்தெருவுல நின்னப்ப ரூம் கொடுத்தவன்டா நான்."

"ஆமா."

"இப்பவே காலி பண்ணு. அவளோட சேந்து நீயும் கம்பி எண்ணுவ."

"எண்ணுறேன். சீட்டுல இருக்குற எழுத்து என்னோடதுதான."

கரண்ட் முன்னால் வந்தான். "என் பேரையும் எழுது. எரியாத ஹெட்லைட்டுக்கெல்லாம் சரின்னு கையெழுத்துப் போட்டவன் நான். கரண்ட்னு எழுதித் தொலச்சிடாத, அப்பா வெச்ச பேரு ஒண்ணு இருக்கு."

நான்காவது ஆள் எஞ்சின் மெக்கானிக். அவருக்கு மூன்று பெண்பிள்ளைகள். கையைத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

டிரைவர்களில் மூத்தவர் சாவியை மேசைமேல் வைத்தார். "ஹோஸ் மாத்தாம எடுக்க மாட்டோம். நீங்க வேணா ஒருதரம் மேம்பாலத்துல இறக்கிக் காட்டுங்க. பின்னாலயே வர்றோம்."

முதலாளி அந்தச் சாவியைத் தொடவில்லை. சாவிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஒருவர் மட்டும் வண்டியை எடுத்தார். கேட் வரை போனார். அங்கே நிறுத்தி, பிரேக்கை இரண்டு முறை மிதித்துப் பார்த்தார். இறங்கி நடந்து வந்துவிட்டார்.

வேறு ஆட்களை இறக்குவதாக முதலாளி போனில் கத்திக்கொண்டிருந்தபோது அடிபட்ட டிரைவரின் மனைவி உள்ளே நுழைந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருந்தாள். புடவையில் ரத்தக்கறை. பிரேக் மாட்டிய பெண் எங்கே என்று கேட்டாள். எல்லாம் அக்காவின் தவறுதான் என்று முதலாளி இரவே அவளிடம் சொல்லிவிட்டிருந்தார்.

அக்கா முன்னால் போய் நின்றார். நான் ஹோஸை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். வருடத்தைக் காட்டினேன். சீட்டில் நான் பொய் எழுதியதையும் சொன்னேன். அவள் பிளவுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"பழசுன்னு தெரிஞ்சுதான் மாட்டுனீங்களா?"

"தெரிஞ்சுதான்," என்றார் அக்கா.

"நீ தெரிஞ்சுதான் எழுதுனியா?"

"ஆமா," என்றேன்.

அவள் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அறைந்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றோம். அப்போது இரும்பு லாரி கேட்டுக்குள் மூக்கை நுழைத்து ஹாரன் அடித்தது. மூலையில் கிடப்பதுதான், சீக்கிரம் தூக்கு என்று முதலாளி கை காட்டினார்.

அவள் ஹோஸை முந்தானையில் முடிந்துகொண்டாள். நேரே போய் நசுங்கிய ஏழாம் நம்பரில் முதுகைச் சாய்த்து, லாரியைப் பார்த்தபடி நின்றாள்.

"போலீஸ் வந்து பாக்குற வரைக்கும் இந்த வண்டி எங்கயும் போகாது," என்றாள். பிறகு எங்களிடம், "உங்ககிட்ட அப்புறம் பேசிக்கிறேன். மொதல்ல வந்து நில்லுங்க."

போய் நின்றோம். மெக்கானிக்குகள், டிரைவர்கள், அக்கா, நான். அவளுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு கை தூரம் விட்டு.