மழை டயர்

எல்லாரும் சௌக்கியமா? போன தடவை முட்டி வலி என்று எழுதியிருந்தவர்களுக்கு இப்போது தேவலையா? ஈரத்தில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். ஒரு வாய் சூடாக எதையாவது குடித்துக்கொண்டு உட்காருங்கள். இன்றைக்கு ஓர் அக்கா தங்கை கதை.

விடியற்காலையிலிருந்து கொட்டிய மழை அப்போதுதான் விட்டிருந்தது. தார்ப்பாயின் நடுவில் தொப்பை மாதிரித் தேங்கியிருந்த தண்ணீரை அக்காக்காரி துடைப்பக் கட்டையால் தள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள். அடுத்த கொட்டகையிலிருந்து தங்கை வந்து நின்றாள். கையில் இரண்டு டம்ளர் டீ. ஒன்றை நீட்டிவிட்டு, அந்த வருஷம் முழுக்க ஒவ்வொரு பந்தயத்துக்கு முன்பும் கேட்டதையே கேட்டாள்.

"இன்னிக்கு எது, அக்கா?"

எது என்றால், எந்த டயர். இரண்டு பேருடைய புருஷன்மார்களும் ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிள் பந்தயக்காரர்கள். பெரிய ஆட்கள் ஒன்றுமில்லை. மூத்தவளின் புருஷன் லிஃப்ட் பழுது பார்ப்பவர், இளையவளின் புருஷன் கடை கடையாக ரொட்டி போடும் வேன் ஓட்டுகிறவன். இப்படி வாரம் முழுக்கப் பிழைப்பைப் பார்த்துவிட்டு, மிச்ச நேரத்தில் எலும்பை முறித்துக்கொள்கிறவர்களுக்கென்று ஒரு கிளப் இருந்தது. தலையில் ஹெல்மெட் ஏறினதும் இந்த ஆண்களுக்குப் புத்தி கழுத்துக்குக் கீழே இறங்கிவிடும், ஆகவே டயர் பார்க்கிற வேலை பெண்டாட்டிகள் தலையில் விழுந்தது. அக்காவுக்கு அது கைவந்துவிட்டது. அவள் மருந்துக்கடையில் நிற்கிறவள். மாத்திரை அட்டையைத் திருப்பித் தேதி பார்க்கிற அதே கையால் டயரின் பக்கவாட்டைத் தடவி, எந்த வருஷத்து ரப்பர் என்று படிப்பாள். வேகமான பையன்கள் ஓட்டிக் கழித்த டயரைப் பாதி விலைக்கு வாங்கும்போது நகத்தை அழுத்திப் பார்ப்பாள். நகம் இறங்காவிட்டால், பார்வைக்கு எவ்வளவு புதிதாக இருந்தாலும் செத்த ரப்பர், வேண்டாம் என்று தள்ளிவிடுவாள். தங்கைக்கு இதெல்லாம் ஓடாது. அவளுக்கு எல்லா டயரும் கறுப்பு, எல்லா டயரும் உருண்டை. அக்கா சொல்வதைப் போய்ப் புருஷனிடம் தான் கண்டுபிடித்த மாதிரிச் சொல்வாள். அவன் பூட்டிக்கொண்டு போய் முன்னால் வந்து நிற்பான். அக்காவும் இதுவரை ஒரு தடவைகூட மாற்றிச் சொன்னதில்லை.

அன்றைக்கு வருஷத்தின் கடைசிப் பந்தயம். மேல்வகுப்புக்குக் கிளப் எடுத்துக்கொள்வதில் ஓர் இடம்தான் மிச்சம். அந்த இடத்துக்குப் பக்கத்தில், புள்ளிக் கணக்கில் சரிசமமாக, சகலைகள் இரண்டு பேரும் நின்றார்கள். சின்னவன் முன்னால் வந்த பந்தயங்கள் போக மற்றதில் வேகத்தில் விழுந்து புள்ளியை விட்டிருந்தான், பெரியவர் விழாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்திருந்தார். யார் முன்னால் வருகிறாரோ அவருக்கு. ரொட்டி வேன்காரன் சின்ன வயசு, இன்றைக்கு இல்லாவிட்டால் அடுத்த வருஷம். லிஃப்ட்காரருக்கு அடுத்த வருஷம் கிடையாது. மேல்வகுப்பின் வயசுக் கோட்டை அவர் தாண்டிவிடுவார்.

இது போதாதா என்றால், போதாது. கூடப்பிறந்தவளைக் கவிழ்க்க இது மட்டும் காரணமாக இருக்காது. போன மாதம் அம்மா வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பெரிய மாப்பிள்ளை கையில் வண்டி இருமுகிறது, சின்ன மாப்பிள்ளை கையில் பாடுகிறது என்று அம்மா ஆரம்பித்து வைத்தாள். ரொட்டி வேன்காரன் விடுவானா? "அண்ணனோட லிஃப்ட் ஒன்பதாவது மாடிக்கு மேல போகாது அத்தை, அங்கேயே கதவைத் திறந்துடும்" என்றான். லிஃப்ட்காரர் பெரும்பாலும் ஒன்பதாவதாகத்தான் வருவார். அவரே சிரித்தார். அக்காவுக்கு அம்மா பேச்சும் உறைக்கவில்லை, அவன் பேச்சும் உறைக்கவில்லை. தங்கை சிரித்தாள் பாருங்கள், புரையேறி, கண்ணில் தண்ணீர் வந்து, தலையைத் தட்டிக்கொண்டு. அந்தச் சிரிப்புதான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்ததும் அக்காதான்.

டயர் விஷயம் இதுதான். மழை டயர் மெத்தென்று இருக்கும், தண்ணீரைப் பிளந்து தள்ள ஆழமான பள்ளங்கள் வெட்டியிருக்கும். ஈரத்தில் சாமி மாதிரி காப்பாற்றும், காய்ந்த தரையில் வெந்து பிய்ந்துவிடும். ஸ்லிக் என்பது மொட்டை டயர், வெட்டே கிடையாது. அதற்குச் சூடு வேண்டும். மின்சாரப் போர்வையைச் சுற்றி ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகவைத்தால்தான் ஒட்டும். ஆகவே முடிவை முன்னாலேயே எடுத்தாக வேண்டும். கடைசி நிமிஷத்தில் மனசு மாறினால் சக்கரத்தை மாற்றலாம், சூட்டை எங்கே போய் வாங்குவது? ஆறின ஸ்லிக்கில் முதல் வளைவிலேயே படுத்துவிட வேண்டியதுதான். இதனால்தான் அங்கே யாரும் தன் முடிவை வெளியே காட்டுவதில்லை. சக்கரங்களைத் துணி போட்டு மூடி வைத்திருப்பார்கள்.

அக்கா டீயைக் குடித்துக்கொண்டே, அப்போது நடந்துகொண்டிருந்த சின்ன வண்டிகளின் பந்தயத்தைப் பார்த்தாள். வண்டிகளின் பின்னால் முதலில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் எழும்பியது. பிறகு இடுப்பளவு. இப்போது வெறும் புகை மாதிரி. காற்று மேற்கிலிருந்து காய்ந்து வீசியது. இவர்கள் பந்தயம் பாதி தாண்டுவதற்குள் தரை காய்ந்துவிடும் என்பது அவளுக்குக் கையில் இருக்கிற டம்ளர் மாதிரித் தெரிந்தது. அவள் வேனுக்குள், மூடிய கதவுக்குப் பின்னால், லிஃப்ட்காரரின் ஸ்லிக் டயர்கள் ஏற்கெனவே போர்வைக்குள் வெந்துகொண்டிருந்தன.

"மழை டயர்" என்றாள்.

தங்கை வானத்தை அண்ணாந்து பார்த்தாள். வெளுத்துக்கொண்டு வருகிற மாதிரி இருக்கிறதே என்று இழுத்தாள். திரும்பக் கொட்டும், இது இடைவேளை என்றாள் அக்கா. சொன்ன பிறகு பொய்க்குக் கை கால் வைக்க வேண்டியிருந்தது. பின் டயருக்குக் கொஞ்சம் காற்றைக் குறைத்துக்கொள்ளச் சொல் என்றாள். அந்த யோசனை மழைக்கு மிகச் சரியானது. தங்கை தலையாட்டிவிட்டுப் போனாள். நாலடி போனவள் திரும்பி வந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து அக்காவின் தலையைத் துவட்டினாள். தார்ப்பாய்த் தண்ணீர் பாதி அவள் தலையில்தான் கொட்டியிருந்தது. "சளி பிடிச்சா உனக்கு ஒரு மாசத்துக்கு விடாது" என்று சொல்லிக்கொண்டே காதுக்குப் பின்னாலெல்லாம் துடைத்தாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். இன்னும் நேரம் இருந்தது. வாயைத் திறந்தால் போதும். துண்டுக்குள் அவள் முகம் இருந்தது, யாருக்கும் தெரியாது, அவள் வாயைத் திறக்கவில்லை.

லிஃப்ட்காரர் கையுறையைத் தேடிக்கொண்டு வந்தார். தங்கச்சிக்கு டயர் சொல்லிவிட்டாயா என்று கேட்டார். சொல்லிவிட்டேன் என்றாள். நல்லவேளை, அவன் ஏதாவது கிறுக்குத்தனம் பண்ணிவைப்பான் என்று சொல்லிவிட்டு அவர் காலணியை மாட்ட உட்கார்ந்தார்.

வரிசையில் வண்டிகளை நிறுத்தி, துணிகளையும் போர்வைகளையும் உருவும் நேரம் வந்தது. லிஃப்ட்காரரின் சக்கரத்திலிருந்து ஆவி பறந்தது. மொட்டை டயர் பளபளத்தது. இரண்டு வண்டி தள்ளி நின்ற தங்கை அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஓடி வந்தாள். அக்கா தயாராகவே இருந்தாள், லிஃப்ட்காரர் காது ஹெல்மெட்டுக்குள் இருந்தது.

"சொன்னா கேக்கலடி. கடைசி நேரத்துல ஸ்லிக்தான்னு பிடிவாதம். எங்க போய் விழப்போறாரோ" என்றாள்.

தங்கை ஒரு கணம் அந்த டயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அக்காவின் முழங்கையைப் பிடித்து, ஒன்றும் ஆகாது, மாமா நிதானமானவர், பார்த்து ஓட்டுவார் என்று தைரியம் சொல்லிவிட்டுத் தன் புருஷனிடம் போனாள். இதைக் கேட்டுக்கொண்டு நிற்கிற தெம்பும் அக்காவுக்கு இருந்தது.

முதல் சுற்றுகளில் ரொட்டி வேன்காரன் பறந்தான். தரையில் ஈரம் இருந்தது, ஸ்லிக் போட்டவர்கள் எல்லாரும் முட்டை மேல் நடப்பதுபோல் போனார்கள். அவன் ஒவ்வொருவராகத் தாண்டி மூன்றாவதாக வந்துவிட்டான். லிஃப்ட்காரர் பதினொன்று. கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு தங்கை துள்ளினாள், அக்காவைக் கட்டிக்கொண்டு, நீ சொன்னதுதான், நீ சொன்னதுதான் என்றாள். தான் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டோமோ, பொய் சொன்னதே அவனுக்கு மெய்யாக முடிந்துவிடுமோ என்று அக்காவுக்குப் பயம் வந்துவிட்டது. மழை மறுபடி வந்துவிடக் கூடாதே என்று வானத்தைப் பார்த்து வேண்டிக்கொண்டாள். அப்படியே கேட்டாள், தங்கையின் கை தன் இடுப்பைச் சுற்றியிருக்கும்போதே.

மழை வரவில்லை. தரையில் வண்டிகள் போகிற பாதை மட்டும் முதலில் வெளுத்தது, பிறகு பட்டையாக அகன்றது. அவன் கெட்டிக்காரன், டயர் வேகிறது என்று புரிந்துகொண்டுவிட்டான். பாதையை விட்டு விலகி, ஓரத்தில் எங்கெல்லாம் ஈரம் மிச்சமிருந்ததோ அங்கெல்லாம் வண்டியை விட்டு டயரை ஆற்றினான். தாகம் எடுத்த நாய் தண்ணீர் தேடுகிற மாதிரி இருந்தது. அவனைப் போல் ஓட்ட அன்றைக்கு அங்கே ஆள் கிடையாது, அதையும் அக்கா ஒப்புக்கொண்டாள். ஆனால் ஈரமும் தீர்ந்துபோனது. பின் டயரிலிருந்து கட்டி கட்டியாக ரப்பர் பிய்ந்து அவன் முதுகில் அடித்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு பேர் அவனைத் தாண்டினார்கள். கடைசியில் லிஃப்ட்காரர் பின்னால் வந்து ஒட்டினார். இடது வளைவில் அவரை விடாமலிருக்க அவன் இன்னும் கொஞ்சம் சாய்த்தான். வண்டி அவனுக்குக் கீழிருந்து நழுவிப் போனது. அவன் அதை விட்டிருக்கலாம். கைப்பிடியை விடவில்லை. வண்டி புரண்டபோது வலது கை அடியில் இருந்தது.

லிஃப்ட்காரர் ஏழாவதாக வந்தார். இடம் அவருக்கு.

முதலுதவி அறையில் கத்தரிக்கோலால் அவன் தோல் அங்கியை நீளமாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். தோள்பட்டை இறங்கியிருந்தது, விரல்கள் இருந்த விதத்தைப் பார்க்கக் கூடாது. இனி அந்தக் கையால் வேன் ஓட்ட முடியுமா என்று யாரும் கேட்கவில்லை. கிளப் ஆட்கள், நண்பர்கள் என்று வாசலில் ஒரு கூட்டம். அவன் வலியைப் பெண்டாட்டி பக்கம் திருப்பினான்.

"உன்னப் போய் டயர் பாக்கச் சொன்னேன் பாரு, என்னைத்தான் செருப்பால அடிக்கணும். மூளைன்னு ஒண்ணு வெச்சானா உனக்கு? வெளிய நின்னு பல்லைக் காட்டத்தான் லாயக்கு."

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். தங்கை ஒரே ஒரு தடவை தலையைத் திருப்பி அக்காவைப் பார்த்தாள். பிறகு புருஷனிடம், "நானாத்தான் முடிவு பண்ணேன். என் தப்புதான்" என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். தங்கை வழி திறந்து கொடுத்துவிட்டாள், சும்மா நின்றிருந்தால் போதும். ஆனால் வாசலில் நின்றவர்களில் ஒருவர், உங்க வீட்டுக்காரர் மட்டும் எப்படிச் சரியாப் போட்டார் என்று அக்காவிடம் கேட்டுவிட்டார். அக்கா எல்லார் காதிலும் விழும்படி தங்கையிடம் சொன்னாள்:

"ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமேடி."

தங்கை கீழே கிடந்த ஹெல்மெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆமாக்கா" என்றாள். "கேட்டிருக்கணும்."

ஆம்புலன்சில் துணைக்கு ஓர் ஆளுக்குத்தான் இடம். பெண்டாட்டி வேண்டாம் என்று சொல்லி அவன் ஒரு நண்பனை ஏற்றிக்கொண்டான். ஆகவே ஆஸ்பத்திரிக்குத் தங்கை அக்காவின் வேனில்தான் போக வேண்டியிருந்தது. பின்னால் இரண்டு வண்டிகளையும் கட்டிப் போட்டிருந்தார்கள். லிஃப்ட்காரர் ஓட்ட, முன் இருக்கையில் அக்கா நடுவில், தங்கை ஜன்னலோரம். லிஃப்ட்காரர் வருத்தமாகத்தான் இருக்கப் பார்த்தார். பாவம், முடியவில்லை. கொஞ்ச தூரம் போனதும், மேல்வகுப்பில் டயருக்கு என்ன விதி, புதுசுதான் வாங்கணுமா, நீதான் விசாரிச்சுச் சொல்லணும் என்று ஆரம்பித்துவிட்டார்.

தங்கை மடியிலிருந்த ஹெல்மெட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பின்பக்கமெல்லாம் உருகி ஒட்டிய டயர்த் துணுக்குகள். நகத்தால் ஒன்றைப் பெயர்த்தாள். அதை எங்கே போடுவது என்று ஒரு நொடி யோசித்த மாதிரி இருந்தது. பிறகு அக்காவின் கையை எடுத்து, விரித்து, உள்ளங்கையில் வைத்தாள். அடுத்ததைப் பெயர்த்தாள். அதையும் வைத்தாள். முகத்தில் கோபம் இல்லை, அழுகை இல்லை. குழந்தைக்குப் பேன் பார்க்கிறவள் மாதிரிப் பொறுமையாக, ஒன்றுகூட விட்டுவிடாமல். அக்கா கையை மூடவும் இல்லை, இழுத்துக்கொள்ளவும் இல்லை. கை நிறைந்து, துணுக்குகள் விரலிடுக்கு வழியே அவள் புடவையில் உதிர ஆரம்பித்தன. தங்கை மற்றொரு கையையும் எடுத்து விரித்தாள்.

இது மாதிரி உங்கள் வீட்டில் ஏதாவது நடந்ததுண்டா? கேட்டவராக இருந்தாலும் சரி, சொன்னவராக இருந்தாலும் சரி, கீழே எழுதுங்கள். பெயர் போட வேண்டாம்.